எஞ்சினுக்கு வைத்த பொட்டு

நீங்கள் எல்லோரும் என்னைக் கேலி செய்வது எனக்குத் தெரியும். ஹட்டனில் பஸ் ஏறினால் நான் பின்னால் போய் உட்காருவதில்லை. சாரதிக்கு இடது பக்கம், எஞ்சின் மூடிக்குப் பக்கத்து ஆசனம்தான் எனக்கு வேண்டும். உட்கார்ந்ததும், போட்டிருக்கும் பாட்டுக்கு அடியில் ஓடும் எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். "டொக்டர் நாடி பார்க்கிறார், எல்லாரும் அமைதியா இருங்க" என்று போன மாதம்கூட உங்களில் ஒருவர் சொன்னீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒன்றாகப் படித்த நமக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. காதோரம் நரைக்கிறது. இனி உங்களிடம் சொல்ல வெட்கமில்லை. அது பழக்கமில்லை, பயம். எனக்கு அந்தப் பயம் வந்தது ஒரு ஐப்பசி மழையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் வாசலில் நின்ற ஒரு பழைய ஒஸ்டின் காரிலிருந்து.

எனக்கும் என் தங்கச்சிக்கும் நடுவில் ஒரு தம்பி இருந்திருக்க வேண்டும். அவனைச் சுமந்திருந்தபோது அம்மாவுக்கு வலி வந்தது. தோட்டத்தில் அப்போது இருந்த ஒரே வாகனம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிதான். கொழுந்துச் சாக்குகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் கம்பளி விரித்து அம்மாவைப் படுக்க வைத்தார்கள். லொறி ஒவ்வொரு குலுக்காகக் குலுங்கி இறங்கியதில், ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே தம்பி பிறந்துவிட்டான். அழவில்லை. அம்மா கம்பளியை மட்டும் சுருட்டிக்கொண்டு வீடு வந்தார். அதன் பிறகு லயத்துப் பக்கம் லொறிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார். எல்லோருக்கும் சோறு போடும் பச்சைக் கொழுந்தின் வாசம், அம்மாவுக்குக் குமட்டலைக் கொண்டு வந்தது.

மறுபடி அம்மா உண்டானபோது அப்பா வேறு வாகனம் தேடத் தொடங்கினார். அவருக்குப் பெரிய பங்களாத் தோட்டத்தில் வேலை. பங்களாவுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், யாரோ ஒரு பழைய துரை விட்டுப்போன கார் கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. புதிதாக வந்த துரை, இதை அப்புறப்படுத்து என்று சொன்ன அன்று, அப்பா கயிறு கட்டி, ஆள் சேர்த்து, அதைத் தள்ளிக்கொண்டே லயத்து வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"உள்ள மூணு பேரு கால நீட்டிப் படுக்க எடமில்ல. வாசல்ல காரு" என்றார் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியம்மா.

"இது ஊர்வலம் போறதுக்கில்லக்கா. ஒரே ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு" என்றார் அப்பா.

அந்த ஒரே ஒரு தடவைக்குத்தான் எல்லாம். அம்மாவுக்குக் கார்த்திகையில் நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் அந்த எஞ்சின் ஓட வேண்டும்.

அப்பாவுக்கு டிரக்டர் ஓட்டத் தெரியும், எஞ்சினைப் பிரிக்கத் தெரியாது. அதற்கு மாமா வந்தார், அம்மாவின் தம்பி. டவுனில் ஒரு கராஜில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், "பாஸ் இல்லாத நேரம் நான்தான் பாஸ்" என்பார். பாஸ் அநேகமாக எப்போதும் இருந்தார் என்பதும், மாமா வாகனம் கழுவிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் கண்ணால் பார்த்து நிறையத் தெரிந்து வைத்திருந்தார். தெரியாததைச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

முதலில் கழற்றிய ஆணிகளையெல்லாம் ஒரே பால்மா டின்னில் போட்டார்கள். பூட்டும்போது எது எங்கே என்று தெரியாமல் விழித்தார்கள். அடுத்த தடவை அப்பா என்னைக் கூப்பிட்டு, "இது எப்பிடி இருக்கோ அப்பிடியே வரை" என்று ஒரு அட்டையை நீட்டினார். எங்கள் வீட்டில் பென்சில் பிடித்த முதல் ஆள் நான். நான் வரைந்த படத்தில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஆணியையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார்கள். இன்னொரு நாள், கழற்றிய சாமான்களை இரவு வெளியே விட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் மூடுபனியில் எல்லாம் துருவேறிச் செங்கல் நிறம். அன்றிலிருந்து எஞ்சின் சாமான்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. சின்னதெல்லாம் அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில். பிஸ்டன்கள் தள்ளத் தள்ளச் சுழலும் அந்தக் கனமான தண்டு, கிராங் என்பார் மாமா, அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரிப்பில். அம்மா அதைத் தாண்டித் தாண்டித்தான் ரொட்டி சுட்டார். இருட்டில் பார்க்கும்போது, யாரோ முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பதுபோல இருக்கும். நான் அதன் பக்கம் முதுகைக் காட்டி உறங்கியதில்லை.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குக் கொழுந்துக் கூடை, தேயிலைச் செடியைக் கழித்துவிடும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து சாமி படத்துக்கு முன்னால் வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த வருஷம் எஞ்சின். எண்ணெய்ப் பிசுக்கில் சந்தனம் ஒட்டாது என்று அம்மா ஒவ்வொரு சாமானையும் சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவினார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு கிராங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பளபளவென்று உருண்டு திரண்ட அதன் மேடுகளில், ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சிறு ஓட்டை இருந்தது. நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தை யாரோ குறித்து வைத்ததுபோல. அம்மா உரைத்த சந்தனத்தைக் கட்டியாக எடுத்து, ஒவ்வோர் ஓட்டையிலும் பெருவிரலால் அழுத்தி வைத்தார். அதன்மேல் குங்குமம். வைக்கும்போது உதடு அசைந்துகொண்டேயிருந்தது. என்ன வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக்கூடாது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மாமாவும் வர முடியவில்லை. அடுப்புச் சூட்டில் பல நாள் அது அப்படியே கிடந்தது. மாமா வந்ததும் மேலே இருந்த பொட்டுகளைத் துணியால் அழுத்தித் துடைத்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. யூகலிப்டஸ் கம்புகளை முக்காலியாக நட்டு, சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கிக் காருக்குள் இறக்கினார்கள்.

அது கிளம்பிய அன்று லயமே கூடியது. நீலப் புகை. கோழிகள் பறந்தன. அப்பா என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மாரியம்மன் கோயில் வளைவு வரைக்கும் ஓட்டினார். திரும்பி வரும்போது எனக்குத்தான் முதலில் கேட்டது.

டொக். டொக். டொக்.

பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல. மெதுவாகத் தொடங்கி, மேடு ஏற ஏறப் பெரிதாகியது. அப்பாவின் கழுத்து நரம்பு எழும்பி நின்றது. லயத்து வாசலுக்கு வந்தபோது, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அம்மா வயிற்றில் கைவைத்தபடி எழுந்துவிட்டார். அப்பா எஞ்சினை நிறுத்தினார். கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பெரியம்மாகூடக் கேலியை விட்டு அம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

மறுபடி எல்லாம் வெளியே வந்தது. அடியில் வடித்த எண்ணெயில் செப்புத் தூள் மாதிரி ஏதோ மினுமினுத்தது. கிராங்கைப் பிடித்துச் சுழலும் உலோகப் பட்டை ஒன்று தேய்ந்து கிழிந்திருந்தது. "எண்ணெ போகல மச்சான். காஞ்ச வாக்குல சுத்தியிருக்கு" என்றார் மாமா. அப்பா சாக்குத் தைக்கும் ஊசியை எடுத்து, அந்த மேட்டில் இருந்த ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். ஊசி முனையில் மஞ்சளாகக் கட்டி ஒன்று வந்தது. அப்பா அதை முகர்ந்தார். மாமாவிடம் நீட்டினார். மாமாவும் முகர்ந்தார்.

"சந்தனம்" என்றார் மாமா. "நான் தொடைச்சேனே மச்சான்."

"மேல தொடைச்ச. உள்ள?"

"அந்த ஓட்ட வழியாத்தான் எண்ணெ வரும்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்குள்ள சந்தனம் இருக்கும்னு எந்தக் கராஜில சொல்லித் தருவாங்க?"

அப்பா சிரிக்கவில்லை. "உங்கக்காகிட்ட மூச்சு விடாத. எண்ணெ பழசு, அதான் தட்டுச்சுன்னு சொல்லு. இருக்கிற நெலமைல அவளுக்கு இது தெரியக் கூடாது."

அவர்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவு நிலையில் இருந்தேன். உள்ளே அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சந்தனம் என்ற சொல் வந்ததுமே சுளகுச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை என்பது அப்பாவுக்குத் தெரியாதா? நாலு காம்பரா தள்ளி யார் இருமினாலும் பெயர் சொல்லும் அப்பா, தன் வீட்டுச் சுவரை மட்டும் எப்படி நம்பினார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"எண்ணெ பழசாம்" என்று அப்பா உள்ளே வந்து சொன்னார்.

"ம்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அம்மா கார் பக்கம் போகவில்லை. மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக்குப் போனாலும் சுற்றிக்கொண்டு போனார். பரணில் இருந்த சாமான்களை எடுத்துக் கொடுக்கச் சொன்னால், "நீயே எடுத்துக் குடு தம்பி" என்று என்னிடம் சொல்வார். ஒரு சாயந்தரம் பெரியம்மாவோடு பின்பக்கம் பேசிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது.

"நான் லொறியிலயே போய்க்கிறேன்கா. என் கை பட்டு எது உருப்பட்டுச்சு?"

"வாயக் கழுவு. நெறமாசக்காரி பேசுற பேச்சா?"

அப்பா கையில் ஸ்பனரோடு அப்படியே நின்றார். செத்துப்போன தம்பியை நினைத்துத்தான் அம்மா சொல்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு அது இல்லை என்று தெரியும். சொன்னால் யார் மேல் கோபம் வரும், யார் அழுவார்கள் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள். நான் நடுவில்.

மாமா கராஜில் கெஞ்சி அந்தப் பட்டைக்கு மாற்று வாங்கி வந்தார். அப்பா கிராங்கை மெல்லிய உப்புத்தாள் போட்டு மெருகேற்றினார். ஊசியும் மண்ணெண்ணெயுமாக ஒவ்வோர் ஓட்டையையும் குடைந்து கழுவி, வாயால் ஊதிப் பார்த்தார். பிறகு கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை மிளாறு ஒன்றை எடுத்து, பேனாக்கத்தியால் சின்னச் சின்னக் குச்சிகளாகச் சீவினார். நான் அவற்றை இஸ்தோப்பில் வரிசையாக அடுக்கி விளையாடினேன். கடைசிக் குச்சியில் ஒரு கணு இருந்தது. மறுநாள் மூடுவதற்கு முன் அவர் ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு குச்சியைச் செருகினார். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"வந்து பொட்டு வை" என்றார் உள்ளே பார்த்து.

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்."

"நீ வெக்காம நான் மூட மாட்டேன். கெடக்கட்டும் இப்பிடியே."

அம்மா வந்தார். குச்சிகளைப் பார்த்தார். "இது என்னா?"

"தூசி போகாம அடைச்சிருக்கேன். நீ அந்தக் குச்சித் தலையில வை. அதுவே போதும்."

அம்மா அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா கிராங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொரு குச்சித் தலையிலும் துளித் துளியாகச் சந்தனம் வைத்தார். அப்பா குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நான் ஏந்தியிருந்த தட்டில் போட்டார். பாதியில் மழை வந்துவிட்டது. மாமா தார்ப்பாயை இழுத்தார், தகரம் பறந்தது, அப்பா அதைப் பிடிக்க ஓடினார், அம்மா கிராங்கில் கையூன்றி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்ததும் அப்பா மீதிக் குச்சிகளைப் பிடுங்கித் தட்டில் போட, அவரும் மாமாவும் அவசர அவசரமாகப் பூட்ட ஆரம்பித்தார்கள்.

நான் தட்டைப் பார்த்தேன். ஒரு குச்சி குறைந்தது. கணு இருந்த குச்சி.

தட்டின் அடியில், மண்ணில், சாக்கு மடிப்பில் எல்லாம் தேடினேன். பிறகு மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, ஒரு குச்சி உள்ளயே இருக்கு."

"எல்லாம் எடுத்தாச்சுடா."

"இல்ல மாமா. கணுக் குச்சியக் காணோம்."

"அப்பிடியே இருந்தாலும் எஞ்சின் அத மென்னு ஏப்பம் விட்டுரும். தள்ளி நில்லு, நட்டு விழுந்துரும்."

அப்பாவிடம் போனேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "மழ விடட்டும்" என்றார். மழை விட்டபோது எஞ்சின் காருக்குள் இருந்தது.

அடுத்து வந்த நாட்களை எப்படிச் சொல்வேன். அப்பா தினமும் காலையில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். நான் பள்ளிக்கூடப் பையோடு நின்று கேட்பேன். சத்தமில்லை. ஆனால் முதல் தடவையும் தொடக்கத்தில் சத்தமில்லைதானே? மேடு ஏறிய பிறகுதானே தட்டியது? இனி பிரித்தால் அம்மாவின் நாளுக்குள் பூட்ட முடியாது என்று மாமா சொல்வது காதில் விழுந்தது. சொல்லாமலிருந்தால் எஞ்சின் வழியில் நிற்கும். சொன்னால் அம்மா லொறியில் போவார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள்.

வலி ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் வந்தது. லயத்தில் பெரியம்மாவைத் தவிரப் பெண்கள் எல்லோரும் மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். சோறு சாப்பிட வந்த அப்பா தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து காரைத் திறந்தார். பெரியம்மா அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றித் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். கண்ணாடி துடைக்கும் கருவி வேலை செய்யாது. அதனால் என்னை முன்னால் ஏற்றி, கையில் ஒரு துணியைக் கொடுத்தார் அப்பா. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும்.

மழைநீர் சட்டைக் கைக்குள் ஓடி விலா வரைக்கும் இறங்கியது. மூடுபனியில் அடுத்த வளைவு வரும்வரை தெரியாது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் ஒன்றுமில்லை. நான் கண்ணாடியைத் துடைத்தேனே தவிரப் பாதையைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா பல்லைக் கடித்து முனகினார். திரும்பிப் பார்த்தபோது அவர் இடது கை இறுக மூடியிருந்தது. வலியில் என்று நினைத்தேன்.

நோர்வூட்டுக்கு முந்திய ஏற்றத்தில் கேட்டது.

டொக். டொக்.

அப்பாவின் கால் தானாகத் தளர்ந்தது. கார் இழுக்காமல் தவங்கியது. அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் உள்ளே இருக்கும் சந்தனத்தை நினைத்தார். நான் குச்சியை நினைத்தேன்.

"ஓட்டுங்க" என்றார் அம்மா பின்னாலிருந்து. "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல."

"தட்டுது புள்ள."

"ஒண்ணும் இல்லேங்கிறேன்ல. ஓட்டுங்க."

பெரியம்மா குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டு, உருண்டு உருண்டு கதவில் இடித்துக்கொண்டிருந்த சுடுநீர்ப் போத்தலை எடுத்தார். "இதான் உங்க எஞ்சினு" என்றார். அப்பா ஒரு மாதிரிக் கேவலாக மூச்சு விட்டு, காலை அழுத்தினார்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி வந்தது. அம்மாவை அதில் படுக்க வைத்தபோது அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டு, மூடிய இடது கையை என் கைக்குள் திறந்தார். உள்ளங்கையில் ஆழமாகப் பதிந்த ஒரு பள்ளம். அதிலிருந்து விழுந்தது கணுக் குச்சி. தலையில் காய்ந்த சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது.

"அன்னைக்கே நான்தான் எடுத்தேன். அவுக மறந்துட்டா என்னா பண்றது?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "அப்பாகிட்ட சொல்லாத."

தள்ளுவண்டி உள்ளே போய்விட்டது. நான் அங்கேயே, மழையில், குச்சியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். தங்கச்சி சாயந்தரம் பிறந்தாள். அவள் அழுதது வெளிவாசல் வரை கேட்டது.

அந்தக் குச்சியை வெகுநாள் பென்சில் பெட்டியில் வைத்திருந்தேன். லயத்திலிருந்து புது வீட்டுக்கு மாறியபோது பெட்டியோடு தொலைந்தது. காரும் பிறகு இரும்பு வாங்குகிறவனோடு போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தீட்டுக் கழிந்து பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டு போகிற நாள். கார் கழுவித் துடைத்து நின்றது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். வெகு நாளைக்குப் பிறகு காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். விரலில் சந்தனத்தைத் தொட்டு, எஞ்சின் மூடிக்கு மேலே கையைக் கொண்டு போனவர், அப்படியே நிறுத்தினார்.

"இங்க ஓட்ட ஒண்ணும் இல்லையேங்க?"

மாமா சட்டென்று குனிந்து, நன்றாக இருந்த டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு இஸ்தோப்புச் சுவரை, அதற்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை, பார்த்தார். எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போனது.

"இருந்தாலும் வை புள்ள" என்றார்.